பத்து வருடமும் வேண்டும் என்றவர்கள்

1

இந்தக் கதை என் கர்வத்திலிருந்து பிறந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பாதியில் நீங்களே கண்டுபிடித்தால் எனக்கு இன்னும் சங்கடம்.

ஓர் ஆராய்ச்சிக் குழுவினர் தங்கள் கேள்விகளை யாருக்கும் புரிகிற பேச்சுமொழியில் மாற்றித் தரச் சொல்லி என்னிடம் வந்தார்கள். சிறுநீரகம் செயலிழந்து, வாரத்துக்கு மூன்று முறை டயாலிசிஸ் இயந்திரத்தோடு படுத்துக்கிடக்கிறவர்களிடம் கேட்க வேண்டிய கேள்விகள். அவற்றில் ஒன்று என்னைப் பாடாய்ப் படுத்தியது. இப்போது இருப்பதுபோலவே இன்னும் பத்து வருடம் இருக்கிறீர்களா, அல்லது எந்த நோயும் இல்லாமல் அதைவிடக் குறைந்த காலம் இருக்கிறீர்களா? குறைந்த காலம் போதும் என்றால், பத்தில் எத்தனை வருடத்தை விட்டுக்கொடுப்பீர்கள்?

ஒருவர் நான்கு வருடம் விட்டுக்கொடுப்பேன் என்றால், அவருடைய இன்றைய வாழ்க்கை முழு வாழ்க்கையில் பத்தில் ஆறு பங்கு என்று கணக்கில் ஏறும். பலருடைய பங்குகளைக் கூட்டிச் சராசரி எடுத்து, எந்த மருத்துவத்துக்கு அரசு செலவு செய்யலாம் என்று முடிவு செய்வார்கள். (உயிரை இப்படியா எடை போடுவது என்று நானும் கேட்டேன். ஆனால் எல்லோருக்கும் எல்லாம் தர முடியாத இடத்தில் வேறு எப்படி முடிவு செய்வது என்று திருப்பிக் கேட்டார்கள்.)

அந்த ஒரு கேள்வியை ஒரு வாரம் இழைத்தேன். கொடுக்கும்போது பேச்சுவாக்கில் கேட்டேன்:

"ஒரு நாள்கூட விட்டுத்தர மாட்டேன்னு யாராவது சொன்னா?"

"சொல்வாங்க. கேள்வி புரியலைன்னு எடுத்துக்குவோம். அவங்க பதில் கணக்குல சேராது."

நான் எழுதிய கேள்வி புரியவில்லையாம்! சுருக்கென்றது. அந்தக் கோபத்தில்தான் எழுத உட்கார்ந்தேன். கோபம் இரண்டு நாளில் வடிந்துவிட்டது. கதை மட்டும் கிளம்ப மாட்டேன் என்று உட்கார்ந்துகொண்டது.

2

முதல் தொடக்கம்: ஜன்னலுக்கு வெளியே மழை பெய்துகொண்டிருந்தது. கணக்குக்காரி கணினித் திரையையே

வேண்டாம். கதையில் என்ன நடக்கப்போகிறது என்று தெரியாதபோதுதான் என்னைப் போன்றவர்கள் மழையைக் கூப்பிடுவார்கள்.

இரண்டாவது: மனித உயிரின் மதிப்பை அளக்க முடியுமா என்ற கேள்வி, மனிதன் சிந்திக்கத் தொடங்கிய நாளிலிருந்தே

இதுவும் வேண்டாம். கல்லூரி ஆண்டு மலர் வாசனை அடிக்கிறது.

மூன்றாவது: கணக்குக்காரியின் தம்பிக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன.

அழகில்லைதான். இருந்தாலும் இங்கிருந்து கதை நடக்கும்.

3

கணக்குக்காரியின் தம்பிக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன.*

அவள் பயன்பாட்டுக் கணிதம் படித்தவள். எந்தத் துறைக்காரர் கூப்பிட்டாலும் போய்க் கணக்குப் போட்டுத் தருவது அவள் பிழைப்பு. பல வருடமாக ஓர் இயற்பியலாளரோடு வேலை செய்துவந்தாள். குழுவில் எல்லோரும் அவரைத் துளைக்காரர் என்பார்கள். டயாலிசிஸ் வடிகட்டிக்குள் மெல்லிய குழல்கள் ஆயிரக்கணக்கில் இருக்கும். ரத்தம் உள்ளே ஓட, கழிவு குழல்சுவரின் நுண்துளைகள் வழியாக வெளியேறும். பழைய வடிகட்டியில் சின்னக் கழிவுகள் போய்விடும், பெரியவை தங்கிவிடும். துளையைப் பெரிதாக்கினால் உடம்புக்கு வேண்டிய புரதமும் கூடவே கிளம்பிவிடும். இரண்டுக்கும் நடுவிலான அந்த அளவைப் பிடிக்கத்தான் துளைக்காரரின் பாதி ஆயுள் போனது. எந்த மூலக்கூறு எவ்வளவு வேகமாகத் துளையைக் கடக்கும் என்ற சமன்பாட்டை அவருக்குத் தீர்த்துக்கொடுத்தவள் இவள்.

வடிகட்டி நன்றாக வேலை செய்தது. ஆனால் விலை அதிகம். அரசு இதற்குச் செலவு செய்யலாமா என்று ஆராய ஒரு சுகாதாரக் கொள்கைப் பேராசிரியர் வந்தார். அவருக்கும் கணக்குப் போட ஆள் வேண்டியிருந்தது.

"என் தம்பியே டயாலிசிஸ்லதான் இருக்கான், மேடம். நான் இதுல இருக்கறது சரியா?" என்று அவள் முதல் நாளே கேட்டுவிட்டாள்.

"அறிக்கையில வெளிப்படையா எழுதிடுவோம். உங்கள விட்டா இந்தக் கணக்குத் தெரிஞ்ச ஆள நான் எங்க போய்த் தேடுவேன்?"

தம்பி கார் ஓட்டக் கற்றுத்தருகிறவன். அவன் உட்காரும் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு. டயாலிசிஸ் இல்லாத நாட்களில் வாய் ஓயாது. டயாலிசிஸ் நாளில் மதியம் வீட்டுக்கு வந்தால், பிழிந்துபோட்ட துணி மாதிரி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிடுவான். அவன் மகள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து எட்டிப் பார்த்துவிட்டுச் சத்தமில்லாமல் போய்விடும். மறுநாள் காலையில்தான் அவனிடம் பேச்சு வரும்.

புது வடிகட்டியைச் சோதித்துப் பார்த்த மருத்துவமனையில் நோயாளிகள் அன்று சாயங்காலமே எழுந்து உட்கார்ந்தார்கள், பசிக்கிறது என்றார்கள். அந்த வடிகட்டி நோயைக் குணப்படுத்தாது. அந்தச் சாயங்காலங்களைத் திருப்பித் தரும். அரசு ஒப்புக்கொண்டால் தம்பி போகும் மருத்துவமனைக்கும் அது வந்துவிடும்.

*(அக்கா ஒரு சிறுநீரகத்தைக் கொடுத்தால் என்ன என்று கேட்பீர்கள். ஒரு வரைவில் கொடுத்துப் பார்த்தேன். மூன்றாம் பக்கத்திலேயே எல்லோரும் சௌக்கியமாகிக் கதை முடிந்துவிட்டது. ஆகவே இந்த வரைவில் அவளுடையது அவனுக்குப் பொருந்தவில்லை என்று மருத்துவர்கள் சொல்லிவிட்டார்கள். அதற்காக நான் அவளிடம் மன்னிப்புக் கேட்டாக வேண்டும்.)

4

கேள்விகளை மருத்துவமனைக்குக் கொண்டுபோகும் முன், குழுவில் ஒவ்வொருவரும் வீட்டு மனிதர்களிடம் கேட்டு ஒத்திகை பார்ப்பது வழக்கம். வாக்கியம் எங்கே இடறுகிறது என்று தெரிந்துகொள்ளத்தான். அந்தப் பதில்கள் எதிலும் சேராது. அவள் தம்பியிடம் கேட்டாள். அவன் சமையலறை மேசையில் மகளின் பென்சில்களைச் சீவிக்கொண்டிருந்தான்.

"கற்பனை பண்ணிக்கோ. இப்ப இருக்கற மாதிரியே உனக்கு இன்னும் பத்து வருஷம் இருக்கு."

"பத்தா? டாக்டர் அவ்வளவு தாராளமா பேசறதில்லையே."

"கற்பனைடா. அதுக்குப் பதிலா எந்த நோயும் இல்லாம அஞ்சு வருஷம். எது வேணும்?"

"பத்து."

"எட்டு வருஷம்னா? ஊசி இல்ல, மெஷின் இல்ல. தண்ணிய அளந்து குடிக்க வேணாம்."

தண்ணீர் என்றதும் அவன் கை கொஞ்சம் நின்றது. "பத்துதான்க்கா."

"ஒம்பது?"

"என்ன இது, தக்காளிக்குப் பேரம் பேசற மாதிரி?"

"ஒம்பது வருஷம், பதினோரு மாசம்." அதுதான் கேள்வியின் கடைசிப் படி.

"மிச்ச ஒரு மாசம் யாருக்குப் போகும்?"

"யாருக்கும் போகாது."

"அப்ப எதுக்குக் கேக்கறீங்க?"

அவன் பென்சில் முனையை ஊதிவிட்டு மேலே பேசினான். "படுத்துக்கிடக்கற நாளும் என் நாள்தான்க்கா. பாப்பா வந்து எட்டிப் பாக்கறது எனக்குத் தெரியும். கண்ண மூடிட்டு இருப்பேன், ஆனா தெரியும். அத எப்படி விட்டுக்கொடுப்பேன்?"

"அப்ப உனக்குப் புது வடிகட்டி வேணாமா?"

"யாரு வேணாம்னா? நாளைக்கே கொடு, மாட்டிக்கறேன். அந்தச் சாயங்காலம் எனக்கு எவ்வளவு வேணும்னு உனக்குத் தெரியாதா? அதுக்கு எதுக்கு நான் நாள விக்கணும்?"

(இங்கே அவள் கண்கலங்குவதாக எழுதியிருந்தேன். எடுத்துவிட்டேன். அவள் பயந்தாள். அது கண்ணீரைவிட உண்மை. அவன் கேள்வியைப் புரிந்துகொண்டுவிட்டான் என்பதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.)

5

மருத்துவமனைகளிலிருந்து பதில்கள் வந்தன. ஆறில் ஒருவர் ஒரு நாளும் தரமாட்டேன் என்றிருந்தார்.

அவள் கணக்கை இரண்டு விதமாகப் போட்டாள். அவர்களை விட்டுவிட்டுப் போட்டால், நல்ல வாழ்வின் ஒரு வருடத்துக்கு இவ்வளவுதான் என்று அரசு வைத்திருக்கும் செலவு வரம்புக்குள் வடிகட்டி வந்துவிடுகிறது. தட்டுத்தடுமாறித்தான், ஆனாலும் வந்துவிடுகிறது. அவர்களைச் சேர்த்துப் போட்டால் வெளியே போய்விடுகிறது. காரணம் எளியது. பழைய இயந்திரத்தோடு வாழும் வாழ்க்கை எவ்வளவு மோசம் என்று கணக்கு காட்டுகிறதோ, அதைச் சரிசெய்யும் வடிகட்டிக்கு அவ்வளவு மதிப்பு. ஒரு நாளையும் தராதவர்கள் உள்ளே வந்தால், இவர்கள் நன்றாகத்தானே இருக்கிறார்கள், புதிது எதற்கு என்று கணக்கு கேட்கும்.

வாழ்க்கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டவர்களுக்கு அதற்கான தண்டனையா என்று அவள் திரையைப் பார்த்துக் கேட்டாள். பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

அவளும் பேராசிரியரும் துளைக்காரரும் ஓர் அறையில் உட்கார்ந்தார்கள். பேராசிரியர் காகிதத்தை இரண்டு முறை படித்தார்.

"விதி முன்னாடியே எழுதினது. புரியாதவங்க பதில எடுத்துடணும். முடிவப் பாத்துட்டு விதிய மாத்தினா அது ஆராய்ச்சி இல்ல."

"விதிய மாத்தச் சொல்லல மேடம். புரியாதவங்கன்னுதானே விதியில இருக்கு? இவங்களுக்குப் புரிஞ்சிருந்தா?"

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"ஒருத்தனுக்குப் புரிஞ்சது."

"அவர் நம்ம கணக்குலயே இல்ல." பேராசிரியர் குரலில் கடுமை இல்லை. "மத்தவங்களுக்குப் புரிஞ்சதான்னு பாத்துக் கையெழுத்துப் போட வேண்டியது நீங்க. அதுவும் விதியிலதான் இருக்கு. நான் உங்களத் தள்ள மாட்டேன்."

துளைக்காரர் காகிதத்தை வாங்கிப் பார்த்தார்.

"எனக்குக் கணக்கு தெரியாதும்மா," என்றார். "ஜனங்களுக்கு அந்தச் சாயங்காலம் கிடைக்கட்டும்னுதான் இவ்வளவு நாள் பாடுபட்டேன். பொய் சொல்லுங்கன்னு உங்ககிட்ட கேக்க மாட்டேன். ஆனா கேக்கணும்போல இருக்கு."

6

துளைக்காரரை முதலில் பேராசைக்காரராக எழுதினேன். வடிகட்டி விற்கிற கம்பெனியில் அவருக்குப் பங்கு, பின்பக்கம் வழவழப்பான ஒரு கார். பேராசிரியரை ஈவிரக்கமற்றவராக்கினேன். எழுத மிகவும் சுகமாக இருந்தது. கணக்குக்காரி நியாயத்தின் பக்கம் எழுந்து நின்று பேச, நீங்கள் கைதட்டியிருப்பீர்கள்.

அப்படியே விட்டால் நானும் ஒரு விதத்தில் எனக்குப் பொருந்தாதவர்களைக் கணக்கிலிருந்து தூக்கியவனாவேன். நான் கேள்விப்பட்டவரை அந்த மாதிரி அறைகளில் உட்கார்ந்திருப்பவர்கள் பெரும்பாலும் நல்லவர்கள். அதனால்தான் இந்தக் கதை முடிய மறுக்கிறது.

7

முடிவு ஒன்று. அவள், அவர்களுக்குக் கேள்வி புரியவில்லை என்று கையெழுத்துப் போடுகிறாள். வடிகட்டி வருகிறது. டயாலிசிஸ் முடிந்த சாயங்காலம் தம்பி எழுந்து உட்கார்ந்து, மகளுக்கு வீட்டுப்பாடம் சொல்லித் தருகிறான். எதற்கோ சிரிக்கிறார்கள். பிறகு அவன் சும்மா கேட்கிறான்: "ஆமா, என்ன மாதிரி சொன்னவங்கள என்னக்கா பண்ணினீங்க?" அவள்

முடிவு இரண்டு. புரிந்துதான் சொன்னார்கள் என்று எழுதுகிறாள். வடிகட்டி நிராகரிக்கப்படுகிறது, மறுபரிசீலனைக்குச் சில வருடம் ஆகும். அவள் எழுதியது உண்மை. தம்பி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறான். மகள் எட்டிப் பார்த்துவிட்டுப்

முடிவு மூன்று. உண்மையை எழுதுகிறாள், அதைப் படித்த அரசு மேலதிகாரி மனம் மாறி வரம்பையே தளர்த்தி

மூன்றாவதை எழுத எனக்கு அதிகாரம் இருக்கிறது. வெட்கமும் இருக்கிறது. இயந்திரத்தில் படுத்துக்கொண்டே இதைப் படிக்கிற ஒருவர் இருக்கலாம். அவர் முகத்தைப் பார்த்து அந்த மூன்றாவது முடிவைச் சொல்ல என்னால் ஆகாது.

8

அவள் என்னைக் கேட்காமலே தம்பியிடம் போனாள். அவன் வீட்டு வாசலில் பயிற்சிக் காரைக் கழுவிக்கொண்டிருந்தான். அவள் எல்லாவற்றையும் சொன்னாள்: ஆறில் ஒருவர், இரண்டு கணக்கு, ஒரு கையெழுத்து. சொல்லிவிட்டுக் கேட்டாள்:

"சேக்கவா, விடவா? நீ சொல்லு. நீ சொல்றபடி செய்யறேன்."

அவன் குழாயை மூடினான். கோபப்படுவான் என்று எதிர்பார்த்திருந்தாள். அவன் களைத்துப்போனவனாகத்தான் தெரிந்தான்.

"எல்லாத்தையும் எங்கிட்டதான் கேக்கறாங்கக்கா. எந்தக் கையில குத்தட்டும், எவ்வளவு குடிச்ச, வலி பத்துக்கு எத்தன. சொல்லிட்டேதான் இருக்கேன். எத்தன வருஷம் தருவன்னு நீ வந்து கேட்ட. அதுக்கும் சொன்னேன். இப்ப, நான் சொன்னத வச்சுக்கவா, தூக்கிப் போடவா, அதையும் நானே சொல்லணுமா?"

தப்பு செய்துவிட்டோம் என்று தெரிந்தது. பாரத்தை இறக்கிவைக்க வந்த இடத்தில், அதை ஏற்கெனவே சுமந்து நிற்கிறவன் தலையில் வைத்துவிட்டாள்.

"இல்லடா. நீ சொல்ல வேணாம்," என்றாள். அவன் மறுபடி குழாயைத் திறந்தான்.

மறுநாள் வந்துவிட்டது, அறிக்கை அனுப்ப வேண்டிய நாள். அதன் கடைசிப் பக்கத்தில் இரண்டு வாக்கியங்கள் அச்சாகியிருக்கின்றன. இவர்கள் கேள்வியைப் புரிந்துகொண்டார்கள். இவர்கள் கேள்வியைப் புரிந்துகொள்ளவில்லை. ஒன்றைக் கோடு போட்டு அடித்துவிட்டுக் கீழே கையெழுத்திட வேண்டும். பேனா அவள் கையில் இருக்கிறது. அவளை எந்தப் பக்கமும் தள்ள எனக்கு மனம் வரவில்லை. நான் இரண்டையும் அடிக்காமல் விடுகிறேன். ஒன்றை நீங்கள் அடியுங்கள்.

ஒரே ஒரு நிபந்தனை. தம்பியிடம் போய்க் கேட்காதீர்கள். இன்று அவனுக்கு டயாலிசிஸ் நாள். வீட்டுக்கு வந்து படுத்துவிட்டான்.