ஐந்தரை மணி பஸ் பற்றிய கேள்வி

வத்தலக்குண்டில் உள்ள தொகுதி அலுவலகத்தில் அன்று நான்கு பேர் இருந்தோம். எம்.எல்.ஏ. அருள்நாதன் மின்விசிறிக்கு நேர் கீழே. எதிர் நாற்காலியில் குருசடிப்பட்டி அன்னாள், குத்தகைக்கு மல்லிகை போட்டிருப்பவர். அவருக்குப் பக்கத்தில் காலி நாற்காலி இருந்தும், லோடு ஆட்டோ அயாஸ் சன்னல் கட்டையில் சாய்ந்திருந்தான். கடிதங்களை எழுதுகிற நான் கதவோரம்.

சட்டமன்றத்துக்கு அனுப்ப வேண்டிய கேள்வி ஒன்று பாக்கி. அன்றே தபாலில் சேர்த்தாக வேண்டும்.

போன கூட்டத்தொடரில் அருள்நாதன் ஐயா, குருசடிப்பட்டிக்குப் பேருந்து இயக்கப்படுகிறதா என்று கேட்டிருந்தார். "ஆம், இயக்கப்படுகிறது" என்று அமைச்சர் பதில் சொல்லிவிட்டார். பொய்யில்லை. ஒன்பது மணிக்கு ஒரு பஸ் வருகிறது. விடியுமுன் பறித்த பூ நிலக்கோட்டை மார்க்கெட்டில் விலை போய் முடிகிற நேரம் அது. நின்றுபோனது ஐந்தரை மணி பஸ்.

"பூதான் அயாஸ் வண்டியில போயிருதே அன்னாளு. இந்தத் தடவ ரோட்டக் கேப்போம். அவனும் அதுக்குத்தான் வந்திருக்கான்" என்றார் ஐயா.

"ரோடு எங்களுக்கா, இவன் டயருக்கா?"

"அக்கா, குழியில விழுந்து விழுந்து போறது ஒங்க பூவுந்தான்" என்றான் அயாஸ்.

"ஏலே, பூவு போகுது. லோடு வண்டியில ஆளு ஏற முடியாது, நான் போகலையே! பக்கத்துல ஆளு நின்னாத்தான் கமிஷன்கடைக்காரன் வெலை சொல்லுவான். ஆளில்லாத மூட்டைய மூலையில தள்ளிட்டு, வதங்கினப்பொறம் பிரிக்கிறான். இப்பிடியே போனா பங்குனியில செடியப் பிடுங்கிட்டுக் குத்தகைக் கொல்லைய விட்டுருவேன் ஐயா."

"ரெண்டையும் சேத்து எழுதிரலாமா?" என்று ஐயா என்னைப் பார்த்தார்.

"சேர்த்தால் ரோட்டுக்கு மட்டும் 'பரிசீலனையில் உள்ளது' என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவார்கள் ஐயா" என்றேன்.

அவர் பேனாவை மூடினார். "பஸ்ஸப் பத்தி ஒரு தடவ கேட்டு, பதிலும் வாங்கியாச்சு. திரும்பக் கேட்டா சபையில சிரிப்பாங்கத்தா."

"சிரிச்சு முடிச்சிட்டு பஸ்ஸ விடச் சொல்லுங்க."

ஐயா அயாஸ் பக்கம் திரும்பினார். "நீ சொல்லுப்பா. மார்க்கெட்டுல அக்கா மூட்டைய யாரு பாத்துக்கிறா?"

அயாஸ் தலையைச் சொறிந்தான். "யாரும் இல்ல சார். எறக்கிப் போட்டுட்டு நான் அடுத்த ஊருக்கு ஓடணும்." பிறகு, "பஸ்ஸயே கேளுங்க. ரோட்டுக்கு நான் பொறவு வாரேன்" என்றான்.

"பஸ் வந்தா ஒனக்கு லோடு கொறையும்லே" என்றார் அன்னாள்.

"தக்காளி ஏத்திக்கிறேன். அது யாரையும் ஏசாது."

ஐயா சிரித்துவிட்டுப் பேனாவைத் திறந்தார். "எழுதுங்க."

அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். குருசடிப்பட்டியிலிருந்து நிலக்கோட்டைக்குக் காலை ஐந்தரை மணிக்குச் சென்ற பேருந்து எந்தத் தேதியில் நிறுத்தப்பட்டது, நிறுத்தக் காரணம் என்ன, மீண்டும் எந்தத் தேதியிலிருந்து இயக்கப்படும்? வேறு ஒரு வரியும் சேர்க்கவில்லை. ஐந்தரை மணி என்பதன் கீழே மட்டும் ஐயா தன் கையால் கோடு போட்டு, கையெழுத்திட்டார்.

உறையில் பசை சரியாகப் பிடிக்கவில்லை. அன்னாள் அதை வாங்கி மேசைமேல் வைத்து, ஒட்டுகிறவரை உள்ளங்கையால் அழுத்திக்கொண்டிருந்தார். பிறகு முத்திரை வைத்து, தபால் நிலையத்தில் விரைவுத் தபாலாகச் சென்னைக்கு அனுப்பினேன்.