முப்பத்தொன்றாவது ஆள்

ஹரோல்ட் அங்கிளுக்கு ரயில்வேயில் உத்தியோகம் கிடையாது. பெங்களூரில் வேலையும் கிடையாது. ஆனாலும் ஊரிகம் ஸ்டேஷனில் நான் காலை ரயிலைப் பிடித்த பதினான்கு வருஷத்தில், அவர் பிளாட்பாரத்தில் இல்லாத நாள் ஒன்றுகூட எனக்கு ஞாபகம் இல்லை. எங்களை ஏற்றிவிட்டுத்தான் வீட்டுக்குப் போய்க் காபி குடிப்பார். சாயங்காலம் நாங்கள் திரும்பும் வண்டிக்கு மறுபடி வந்து நிற்பார். "இவரு காலையில தொலைஞ்சாத்தான் நான் நிம்மதியா ஜெபம் பண்ண முடியுது" என்பார் அவர் மனைவி பியூலா ஆன்ட்டி.

தங்கச் சுரங்கத்தை மூடுகிற வரைக்கும் அவர் பேங்க்ஸ்மேனாக இருந்தவர். சுரங்கக் குழியான ஷாஃப்டின் வாயில் நின்று, ஆட்களை எண்ணிக் கேஜ் என்கிற இரும்புக் கூண்டுக்குள் ஏற்றி, மணி அடித்துக் கீழே அனுப்புகிற வேலை. ஷிஃப்ட் முடிந்ததும் எத்தனை பேர் மேலே வந்தார்கள் என்று எண்ண வேண்டியதும் அவரே. இரண்டாயிரத்து ஒன்றில் எல்லாம் முடிந்தது. ஆனால் விடிவதற்குள் ஒரு கூட்டம் ஊரைவிட்டுக் கிளம்பிப் போவதும் இருட்டினபிறகு திரும்புவதும் மட்டும் நிற்கவில்லை. முன்பு பூமிக்குள் போனார்கள், இப்போது பெங்களூருக்குப் போகிறார்கள், அவ்வளவுதான். மனிதர் நேராக ஸ்டேஷனுக்கு வந்துவிட்டார். யாரும் கூப்பிடவில்லை.

முதல் நாளே அவரோடு நான் சண்டை போட்டேன். வண்டி நின்றதும் ஏறப் போனவளைக் கையை நீட்டித் தடுத்தார்.

"எங்க எறங்கணும்மா?"

"உங்களுக்கு எதுக்கு?"

"சொல்லும்மா. கன்டோன்மென்ட் போறவங்க மொதல்ல ஏறணும், கே.ஆர்.புரம் எறங்கறவங்க கடைசி. நீ இப்பவே உள்ள பூந்துட்டா அப்பால எப்படி வெளிய வருவே?"

"டிக்கெட் வாங்கியிருக்கேன். எப்ப வேணும்னாலும் ஏறுவேன்" என்று அவர் கைக்கு அடியில் குனிந்து நுழைந்துவிட்டேன். நான் இறங்க வேண்டிய கிருஷ்ணராஜபுரம் வந்தபோது கூட்டத்தில் நசுங்கி இறங்க முடியாமல், அடுத்த ஸ்டேஷனில் இறங்கி ஆட்டோவுக்குத் தண்டம் அழுதேன். மறுநாள் வாயை மூடிக்கொண்டு வரிசையின் கடைசியில் போய் நின்றேன். அவர் சிரிக்கக்கூட இல்லை. "முப்பத்தொண்ணு" என்று சொல்லிக் கையை விலக்கினார். அன்றிலிருந்து ஊரிகம் கூட்டத்தில் நான் முப்பத்தொன்றாவது ஆள்.

நான் சுரங்கத்து வீட்டுப் பெண் இல்லை. என் அப்பா கோயம்புத்தூர்ப் பக்கத்திலிருந்து, இங்கே பெரிய பெரிய இயந்திரங்கள் செய்கிற தொழிற்சாலையில் லேத் ஓட்ட வந்தவர். குவார்ட்டர்ஸில் வளர்ந்தேன். சுரங்க வேலைக்காக வடஆற்காட்டிலிருந்து பல தலைமுறைக்கு முன்னால் வந்தவர்கள் வரிசையாகக் கட்டின லைன் வீடுகளில் இருந்தார்கள். இரண்டு பக்கமும் தமிழ்தான் என்றாலும், "லைன்காரங்க" என்று சொல்லும்போது என் அம்மாவுக்கு மூக்கு கொஞ்சம் மேலே போகும். அப்பா ரிடையராகி ஊரிகத்தில் வீடு வாங்கின பிறகுதான் எனக்கு லைனில் ஒரு சிநேகிதி கிடைத்தாள். பாக்கியவதி. ஒயிட்ஃபீல்டில் ஒரு கம்பெனியில் ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசர். நான் பல் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள். இத்தனை வருஷமும் ஒரே கதவோரத்தில் நின்று, ஒரே டப்பாவில் புளிசாதம் தின்றவர்கள் நாங்கள்.

அங்கிளிடம் ஒரு சட்டம் இருந்தது. சாயங்காலம் திரும்ப மாட்டோம் என்றால் காலையிலேயே சொல்லிவிட வேண்டும். "அங்கிள், இன்னிக்கு தங்கச்சி வீட்ல தங்கறேன்" என்றால் தலையாட்டுவார். சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டால் மறுநாள் மொத்தப் பிளாட்பாரத்துக்கும் கேட்கிற மாதிரி திட்டு விழும். இந்த வயதில் இவருக்கு என்ன அதிகாரம் வேண்டியிருக்கிறது என்று எனக்குச் சில நாள் எரிச்சலாக வரும். சில நாள் மழையில் வண்டி ஒரு மணி நேரம் தாமதமாகி, எல்லோரும் செத்துச் சுண்ணாம்பாகி வந்து இறங்கும்போது, மஃப்ளரைச் சுற்றிக்கொண்டு குடைக்குள் நின்று "இருவத்தொம்போது, முப்பது" என்று அவர் எண்ணுவது கேட்கும். கண் கலங்கிவிடும்.

போன மாதம் என் முட்டி தகராறு செய்தது. தினம் நாலு மணி நேரம் ரயிலில் நிற்கக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். என் கணவர் மஞ்சுநாத்துக்கும் ஹொசகோட்டேயில் வேலை, மகன் கிரண் மைசூரில் ஹாஸ்டலில் இருக்கிறான். கிருஷ்ணராஜபுரத்திலேயே ஒரு அபார்ட்மெண்டில் வீடு பார்த்தோம். எல்லாம் மளமளவென்று முடிந்தது. அங்கிளிடம் சொல்வது மட்டும்தான் பாக்கி.

ஒரு வாரம் முயன்றேன். திங்கட்கிழமை சொல்லலாம் என்று போனால் அவருக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. செவ்வாய்க்கிழமை அவரே, "இன்னா ஷைலு, நொண்டிக்கினே வர்றே?" என்று கேட்டு எனக்காக ஒரு உட்காரும் இடம் பிடித்துக் கொடுத்துவிட்டார். அப்புறம் எப்படிச் சொல்வது? இந்த மனுஷனின் கூட்டத்திலிருந்து ஒரு ஆள் கழன்றுகொண்டால் அவர் மனசு உடைந்துபோகும் என்று நான் நினைத்தேன். என்னைப் பற்றி எனக்கு அவ்வளவு பெரிய எண்ணம். கடைசி நாள் சனிக்கிழமை காலையிலும் ஒன்றும் சொல்லாமல் ஏறிவிட்டு, பாக்கியவதியைப் பிடித்துக்கொண்டேன்.

"சாயங்காலம் நீயே சொல்லிடுடி."

"நான் சொன்னா ஆகாது. நீதான் சொல்லணும்."

"எனக்கு அழுகை வந்துடும். சொல்லிடு, ப்ளீஸ்."

அவள் ஒரு மாதிரி என்னைப் பார்த்தாள்.  சாயங்காலம் நான் அந்த வண்டிக்கு வரவில்லை. மஞ்சுநாத் ஏற்கனவே வேனில் சாமானோடு புது வீட்டில் வந்து இறங்கியிருந்தார்.

வியாழக்கிழமை மத்தியானம் பாக்கியவதியிடமிருந்து போன் வந்தது. எடுத்த எடுப்பில், "அங்கிள் இன்னும் உன்ன எண்ணிக்கினு கீறாரு" என்றாள்.

"நீ சொல்லலையா?"

"சொன்னேன். 'நீ பாத்தியா?'ன்னு கேட்டாரு. அவ வூட்டப் பாத்தியா, அவ உள்ள போனதப் பாத்தியான்னாரு. இல்லன்னேன். 'அப்ப முப்பத்தொண்ணுதான்'னு போய்க் குந்திட்டாரு. தெனம் ஒரு ஆளு கம்மின்னு கடைசி வண்டி வரைக்கும் பெஞ்ச விட்டு எழுந்திருக்கறதில்ல. மத்தியான வண்டிக்குக்கூட வந்துடறாரு. பியூலா ஆன்ட்டி சாப்பாட்ட ஸ்டேஷனுக்கே கொண்டாறாங்க. மூச்சு இழுக்குது."

எனக்குச் சிரிப்பு வந்தது, உடனே கோபமும் வந்தது. "இது என்னடி பைத்தியக்காரத்தனம்! போன் நம்பர் கொடு, நான் பேசறேன்."

"போன்ல இன்னா தெரியும்? ஆளு மொகத்தக் காட்டணும்."

"நீ கூடவா இப்படிப் பேசறே?"

 அவள் கேட்டாள்: "எங்கப்பாவுக்கு கால் எப்படிப் போச்சின்னு நெனைச்சே?"

அவள் அப்பா தசரதனை எனக்கு நன்றாகத் தெரியும். ஒரு கால் முட்டிக்குக் கீழே கிடையாது. சுரங்கத்தில் கல் விழுந்தது என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அந்த ஊரில் அது அதிசயம் இல்லை என்பதால் மேலே கேட்டதில்லை.

"அன்னிக்கு ஷிஃப்ட் முடிஞ்சி ஒரு ஆளு கம்மி" என்றாள் பாக்கியவதி. "கீழ சொரங்கப் பாதைங்க, லெவலுன்னுவாங்க, ஒண்ணோட ஒண்ணு சேர்ந்தது. பக்கத்து ஷாஃப்ட்லயும் மேல ஏறி வரலாம். யாரோ ஒருத்தரு, தசரதன் அந்தாண்ட ஏறிட்டான்னு சொன்னாரு. அங்கிள் நம்பி, எல்லாரும் வந்தாச்சின்னு மணி அடிச்சிட்டாரு. எங்கப்பா கல்லுக்கு அடியில கெடந்தாரு. மறுநா காலையிலதான் பாத்தாங்க. அன்னிக்கே எடுத்திருந்தா கால் நின்னிருக்கும்னு டாக்டர் சொன்னாராம்."

நான் போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.

"எங்கப்பா அத எப்பவோ மறந்துட்டாரு. ஞாயித்துக்கெழமையானா ரெண்டு பேரும் கேரம் ஆடறாங்க, எங்கப்பா கள்ளாட்டம் வேற ஆடறாரு. அங்கிளுக்குத்தான் மறக்கல. நீ குவார்ட்டர்ஸ்காரி, உனக்குத் தெரியாது. சொல்லி அனுப்பினா சொன்னதா ஆயிடாது ஷைலு, அவருகிட்ட."

பதினான்கு வருஷம் ஒரே டப்பாவில் சாப்பிட்டவள் என்னை ஒரு வார்த்தை குறை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்தோடேயே சனிக்கிழமை அரைநாள் லீவு போட்டுவிட்டு ரயில் ஏறினேன்.

மத்தியான வண்டியில் ஊரிகத்தில் இறங்கினது மொத்தம் ஏழெட்டுப் பேர். தங்கம் பிரித்தெடுத்த கழிவைக் கொட்டின சயனைடு மேட்டுப் பக்கமிருந்து புழுதிக் காற்று அடித்துக்கொண்டிருந்தது. அங்கிள் சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். இறங்குகிறவர்களை ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டே வந்தவர், என் முகத்தில் வந்து நின்றார். எழுந்திருக்க முயன்று முடியாமல் பெஞ்சைப் பிடித்துக்கொண்டார். நான் ஓடினேன், முட்டியை மறந்து.

"வந்துட்டியா?" என்றார் மெதுவாக. மூச்சு திரும்பினதும் மெதுவெல்லாம் போய்விட்டது. "அறிவு கீதா உனக்கு? ஒரு வாரம்! ஒரு பொம்பள, இருட்டு நேரம், பெங்களூரு டிராஃபிக்கு. நான் இன்னான்னு நெனைச்சிக்கறது?"

"நான் அங்கயே வீடு மாத்திட்டேன் அங்கிள். இனிமே வரமாட்டேன். நேர்ல சொன்னா நீங்க கஷ்டப்படுவீங்கன்னு..."

"நான் ஏன் கஷ்டப்படறேன்?" அவருக்கு உண்மையாகவே புரியவில்லை. "கால் நோவுது, வூட்ட மாத்திக்கினே. நல்லதுதான? நான் வேணாம்னா சொல்லப் போறேன்? ஒரு வார்த்தை மூஞ்சப் பாத்து சொல்லிட்டுப் போயிருந்தா நான் வூட்ல படுத்துத் தூங்கியிருப்பேன்."

"தப்புதான் அங்கிள்."

"சரி வுடு." கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "திங்கக்கெழமையிலேர்ந்து முப்பது."

நான் எதற்காக வந்தேனோ அது நடந்துவிட்டது. என் பெயரை எண்ணிக்கையிலிருந்து எடுத்துவிட்டார், அவர் இனிமேல் நிம்மதியாகத் தூங்கலாம்.  ஆனால் நான் அந்தப் பெஞ்சிலேயே உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதேன். அவர் பயந்துபோனார்.

"இப்ப இன்னா ஆச்சி?"

"அங்க என்னை எண்ண ஆள் இல்ல அங்கிள். எங்க வீட்டுக்காரர் செகண்ட் ஷிஃப்ட், வர்றதுக்கு நடுராத்திரி ஆகுது. நான் வந்தேனா, வழியில செத்தேனான்னு கேக்க அந்த ஊர்ல நாதி இல்ல."

என்னவோ மனசில் இருந்ததைச் சொன்னேன். ஏதாவது ஆறுதல் சொல்வார் என்று பார்த்தேன். அவர் முகம் கறுத்துவிட்டது. சுரங்கத்தில் கூரை பலமில்லாத இடத்தில் ஆளை வேலைக்கு விட்டதாக யாராவது வந்து சொன்னால் அந்த முகம் அப்படித்தான் ஆகியிருக்கும்.

"இப்ப பெங்களூருக்கு வண்டி எப்ப?" என்று கேட்டார்.

வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னேன். பியூலா ஆன்ட்டிக்குப் போன் போட்டு, "ராத்திரி நம்ம பசங்களோடவே திரும்பி வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு என்னோடு ஏறிவிட்டார். வண்டி காலியாக இருந்தும் கிருஷ்ணராஜபுரத்தில் இறங்கத் தோதாக என்னைக் கதவோரத்தில்தான் உட்காரவைத்தார்.

அபார்ட்மெண்ட் கேட்டில் வாட்ச்மேன் சம்பங்கி நாற்காலியில் உட்கார்ந்து போன் பார்த்துக்கொண்டிருந்தார். மாலூர்ப் பக்கத்து ஆள். நான் வந்து ஒரு வாரமே ஆனதால் என்னை அவருக்கு அடையாளம் தெரியாது. அங்கிள் அவர் எதிரில் போய் நிமிர்ந்து நின்றார். கணீரென்ற கன்னடத்தில், இந்த அம்மா மூன்றாவது மாடி, பெயர் ஷைலஜா, தினம் ஏழு மணிக்குள் வந்துவிடும் என்றார். என்னை முன்னால் இழுத்து நிறுத்தி முகத்தைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். ஏழே கால் ஆகியும் வரவில்லை என்றால் தனக்குப் போன் செய்யச் சொன்னார். வந்துவிட்டது என்று நீயே யூகித்துக்கொள்ளாதே, அடுத்தவன் சொன்னதையும் நம்பாதே, கண்ணால் பார்த்தபிறகு சொல் என்றார். தன் நம்பரைச் சம்பங்கியின் நோட்டு அட்டையில் எழுதவைத்து, அதைத் திரும்பப் படித்துக் காட்டச் சொன்னார். சம்பங்கி என்னைப் பார்த்து, இவர் யார் என்று கண்ணாலேயே கேட்டார். எனக்கு மானம் போயிற்று.

பிறகு லிஃப்டைப் பார்த்தார். "இதுல எத்தினி பேரு?"

"எட்டுப் பேர் அங்கிள்."

"மணி யாரு அடிக்கறது?"

"யாரும் இல்ல. நாமே பட்டன் அமுக்கணும்."

"இன்னா கேஜோ" என்று தலையில் அடித்துக்கொண்டு படியேறியே வந்து, என் வீட்டில் இரண்டு தம்ளர் காபி குடித்துவிட்டுப் போனார். அன்றைக்கு ரயிலுக்குள்ளேயே நடந்து நடந்து முப்பது பேரையும் எண்ணினாராம். பாக்கியவதி சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

இதெல்லாம் நடந்து மூன்று வாரம் ஆகிறது. நேற்று பெரிய மழை. நான் வந்த பஸ், டின் ஃபேக்டரி ஸ்டாப்புக்குப் பக்கத்தில் தண்ணீரில் நின்றுவிட்டது. என் போனில் சார்ஜ் இல்லை. செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்து தெரு முனைக்கு வந்தபோது ஏழே முக்கால். கேட்டில் சம்பங்கியின் நாற்காலி காலியாக இருந்தது. அவர் நடுரோட்டில், தலையில் கோணியைப் போட்டுக்கொண்டு, பஸ் ஸ்டாப் பக்கமே பார்த்தபடி நின்றிருந்தார். காதில் போன். என்னைக் கண்டதும் கையை உயர்த்தி, "பந்த்ரு சார், பந்த்ரு!" என்று கத்தினார். வந்துட்டாங்க, வந்துட்டாங்க என்று.

"அங்கிள் என்ன சொன்னார்?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் சொல்லலம்மா" என்றார் சம்பங்கி, தனக்குத் தெரிந்த தமிழில். "அரை மணி நேரமா லைன்லயே இருந்தாரு. இப்ப பெரிசா மூச்சு விட்டாரு, வெச்சிட்டாரு."

நான் மேலே போகவில்லை. சம்பங்கியின் நாற்காலியில் உட்கார்ந்து, சேலையெல்லாம் சொட்டச் சொட்ட, அழுதேன். அவர் பதறிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.