வேப்பம்பட்டுக்குப் போன லேசர் பிளேயர்

லோகுவிடம் லேசர் டிஸ்க்குகள் இருந்தன. போட்டுப் பார்க்கத்தான் பிளேயர் இல்லை. சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குப் பளபளக்கும் டிஸ்க்குகள். மணவாள நகரில் அவன் முன்பு வேலை பார்த்த வீடியோ கடையை மூடியபோது முதலாளி தூக்கிக் கொடுத்தவை. விசிடி பிளேயர், மினிடிஸ்க் என்று அலமாரி நிறையச் சேர்த்துவிட்டான். இது ஒன்றுதான் கிடைக்கவே இல்லை.

காக்களூரில் அவனோடு ஒரே கம்பெனியில் வேலை பார்ப்பவன் அன்புசெல்வன். அவனுக்கு இந்தப் பைத்தியத்தைப் பிடிக்க வைத்ததே லோகுதான். ஞாயிறானால் இருவரும் கும்மிடிப்பூண்டியின் பழைய சாமான் கடைகளுக்குப் போவார்கள். மாமியாருக்கு உடம்பு சரியில்லாமல் லோகு வராமல்போன ஒரு ஞாயிறில், மூடிய தொழிற்சாலை ஒன்றின் சாமான்களோடு வந்திருந்த லேசர் பிளேயர் அன்புசெல்வனுக்குக் கிடைத்தது.

மறுநாள் கேன்டீனில் அதை எடுத்த வீடியோவைப் போனில் காட்டினான். "பாரு லோகு. கரண்டு குடுத்தா தட்டு தொறக்குது. நீ டிஸ்கு எடுத்துக்கினு வா, போட்டுப் பாப்போம்."

லோகு போனைத் திருப்பிக் கொடுத்தான். "எல்லாம் பூஞ்சை புடிச்சிப் போச்சிடா. தூக்கிப் போட்டுட்டேன்."

அந்த வாரமே லோகுவின் மாமியாரைப் பார்க்க அன்புசெல்வன் பழத்தோடு வீட்டுக்கு வந்தான். லோகுவின் மனைவி தமிழ்செல்வி காபி கொடுத்துவிட்டு, கணவனைக் கிண்டல் செய்ய ஆள் கிடைத்த சந்தோஷத்தில் அலமாரியைத் திறந்தாள்.

"பாருண்ணா, கொழந்த மாதிரி தொடச்சித் தொடச்சி வெச்சிக்கினு இருக்காரு."

உறையில் கடல் மீன்களின் படம் போட்ட டிஸ்க் ஒன்றை அன்புசெல்வன் உருவிப் பார்த்தான். ஒரு கீறல் இல்லை. திரும்ப உறையில் போட்டு வைத்தான். "வரேன்மா" என்று அவளிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போனான்.

"இன்னாயா ஆச்சு அவருக்கு?" என்றாள் தமிழ்செல்வி. கேன்டீனில் சொன்ன பொய்யை லோகு சொன்னான். அவள் திட்டவில்லை. அந்த டிஸ்க்கை எடுத்து அவன் மடியில் வைத்தாள்.

சாயங்காலம் லோகு வேப்பம்பட்டில் இருக்கும் அன்புசெல்வன் வீட்டுக்குப் போனான். அன்புசெல்வன் டிஸ்க்கை வாங்கிப் போட்டான். இரைச்சலோடு சுற்றி, டிவியில் நீலம் பரவியது. மஞ்சள் மீன்கள் கூட்டமாகத் திரும்பின. இத்தனை வருஷம் வைத்திருந்த டிஸ்க்குக்குள் இருந்ததை லோகு அப்போதுதான் பார்த்தான்.

"நம்ம மிஷின் சூப்பரா ஓடுதுப்பா" என்றாள் அன்புசெல்வனின் மகள் பூமிகா. அந்த 'நம்ம' லோகுவைச் சுருக்கென்று குத்தியது.

"எனக்கு வயித்தெரிச்சல்டா, அதான் பொய் சொன்னேன்" என்றான்.

"தெரியும். உன் அலமாரியப் பாத்து எனக்கு எரியாத நாளு இல்ல" என்றான் அன்புசெல்வன், டிவியை விட்டுக் கண்ணெடுக்காமல். "டிஸ்க இங்கியே வுட்டுட்டுப் போயேன்."

"வேணாம். வரும்போது எடுத்துக்கினு வரேன்."

படம் முடிந்ததும் டிஸ்க்கை உறையில் போட்டுக்கொண்டு கிளம்பினான். அடுத்த ஞாயிறு தனக்கென்று ஒரு பிளேயர் தேடிக் கும்மிடிப்பூண்டிக்குப் புறப்பட்டபோது அவன் அன்புசெல்வனுக்குப் போன் செய்யவில்லை.