தார்ப்பாயில் பின்னிய இடுப்புப் பாய்

1

இது நானாக யோசித்த கதையல்ல, கேட்டு வாங்கியது. பசிபிக் தீவு நாடான டோங்காவின் மேற்குக் கரையில், எரிமலை வெடித்து அலை ஏறிவந்த ஆண்டு, ஞாயிறு ஆராதனையில் ஒருவர் இடுப்பில் நீல நிறப் பாயைப் பார்த்தேன். அவர் பெனிசிமானி. பின்னியவள் அவர் மனைவி லோசெலி, நிவாரண முகாமில் என் பக்கத்துக் கூடாரத்துக்காரி. எழுதட்டுமா என்று அவளிடம் கேட்டேன்.

"எழுது டீச்சர். ஆனா அலையில ஆரம்பிக்காத. எல்லாரும் அங்கதான் ஆரம்பிக்கிறாங்க. அதுக்கு முன்னாடி நாங்க பொறக்கவே இல்லாத மாதிரி."

2

வானம் கறுத்தது. கடல் பின்வாங்கி—

(அடித்துவிட்டேன். அலையில் ஆரம்பிக்காதே என்றாளே.)

லோசெலி ஓர் எளிய பெண்—

(இதையும் அடித்துவிட்டேன், பொய். ஊரிலேயே நேர்த்தியாகப் பாய் பின்னுகிறவள் தான்தான் என்று அவளே சொல்வாள். கேட்காமலே சொல்வாள்.)

3

ஒரு சனிக்கிழமையில் தொடங்குகிறேன். எரிமலைச் சாம்பலைக் கூட்டித் தள்ளிவிட்டு, அடுப்பில் மரவள்ளியை வைத்துக்கொண்டே லோசெலி கணவனிடம் சொன்னாள்:

"நாளைக்காவது கோயிலுக்கு வா."

"இடுப்புல பாய் இல்லாமலா? ஆண்டவர் முன்னாடி அம்மணமா நிக்கச் சொல்றியா?"*

"அலை வந்தப்ப மாமரத்துல அரை டவுசரோட தொங்கினியே, அப்ப மட்டும் பாக்காமலா இருந்தாரு?"

பெனிசிமானி சிரிக்கவில்லை.

"பாத்தாரா? அப்ப எங்க இருந்தாருன்னுதாண்டி நானும் கேக்குறேன்."

இந்த இடத்தில் லோசெலி நம்பிக்கையைப் பற்றி அழகாக ஏதோ பேசுவதாக எழுதியிருந்தேன். படித்துக் காட்டியதும் கையை ஆட்டி மறுத்தாள். "எனக்கு ஒண்ணும் தோணல டீச்சர். கத்தரிக்கோலைத்தான் தேடினேன்."

* இடுப்பில் பாய் சுற்றாமல் பெரியவர்கள் முன்னாலும் கடவுள் முன்னாலும் போகமாட்டார்கள். வீட்டிலிருந்த பாய்களை எல்லாம் கடல் கொண்டுபோயிருந்தது. பாய் பின்னும் தாழை ஓலையோ சாம்பலில் கருகிக் கிடந்தது.

4

அடுப்புக்கு மேல் கட்டியிருந்த நீல நிவாரணத் தார்ப்பாயை அவிழ்த்து, விரல் அகலத்துக்குக் கீற்றுக் கீற்றாக வெட்டினாள்.

"ஏண்டி, மழை வந்தா?"

"நனைவோம். புதுசா?"

ஓலை சொன்னபடி கேட்கும். பிளாஸ்டிக் வழுக்கியது. பின்னிய வரிசை பிரிந்து பிரிந்து போயிற்று. பல்லால் கடித்து இறுக்கினாள், திட்டினாள், பிரித்துப் போட்டு மறுபடி பின்னினாள். பெனிசிமானி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, வந்து நழுவும் முனையைக் குதிகாலால் மிதித்துப் பிடித்துக்கொண்டார்.

ஞாயிறன்று இருவரும் போன தேவாலயத்துக்குக் கூரை இல்லை, அலையோடு போயிருந்தது. வாசலில் வாலிபர்கள் நின்றிருந்தார்கள். ஒருவன் கேட்டான்:

"என்ன மாமா, கூடாரத்தையே கட்டிக்கிட்டு வந்துட்டீங்களா?"

"ஆமாடா. உள்ள எடம் இருக்கு, வர்றியா?"

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். முன்னால் நடந்துகொண்டிருந்த லோசெலி திரும்பிப் பார்க்கவில்லை. அலைக்குப் பிறகு அவர் அடித்த முதல் கிண்டல் அது. திரும்பியிருந்தால் அத்தனை பேர் முன்னால் மானம் போகிற மாதிரி அழுதிருப்பேன் என்று பிறகு சொன்னாள்.

5

முடிவுகள். அடுத்த ஞாயிறு ஊரே நீலப் பாய் கட்டி வந்தது என்று முடித்தால் அழகாக இருக்கும். நடக்கவில்லை. பெனிசிமானி குரலெடுத்துப் பாட, சபை உருகியது என்றும் முடிக்கலாம். அவருக்குச் சுருதி என்றைக்குமே சேராது.

நடந்தது இவ்வளவுதான். ஆராதனை முடிந்ததும் போதகரின் மனைவி குனிந்து பாயைத் தடவிப் பார்த்தாள். "ஓரம் கோணலா இழுக்குது, லோசெலி."

"பிளாஸ்டிக்ல நீங்க ஓரம் மடிச்சுக் காட்டுங்கம்மா, பாப்போம்!"

மறுநாள் அந்த அம்மாள் தன் தார்ப்பாயோடு வந்து உட்கார்ந்தாள். அன்று முழுக்க இருவரும் சண்டை போட்டுக்கொண்டே பின்னினார்கள்.

(ஓரம் உண்மையிலேயே இழுக்கத்தான் செய்தது. இதை எழுதக்கூடாது என்று எனக்கு உத்தரவு.)

6

இனி வாசகர் கேட்பார்: அவருக்கு விசுவாசம் திரும்பியதா?

நானும் கேட்டேன். லோசெலி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"அது எனக்குத் தெரியாது டீச்சர். முன்னெல்லாம் ஆண்டவர் எங்க இருந்தாருன்னு படுத்துக்கிட்டே கூடாரத் துணியப் பாத்துக் கேப்பாரு. இப்ப வாராவாரம் தலை சீவி, கோயிலுக்குப் போய், நின்னு கேக்குறாரு. எம் புருஷன் கேக்குற கேள்விக்கு அந்த ஆண்டவரு பதில் சொல்லித்தான் ஆகணும்."

பதில் வந்ததாகவும் எழுதிப் பார்த்தேன், வராததாகவும் எழுதிப் பார்த்தேன். இரண்டையும் கிழித்துப் போட்டேன். நீங்களும் எங்கோ எதையோ கேட்டபடி நின்றிருப்பீர்கள். அங்கிருந்தே இந்தக் கதையை முடித்துக்கொள்ளுங்கள்.