முதல் மனுதாரர்

என் அண்ணன் மாதிரி ஒரு பிடிவாதக்காரனை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். எல்லாரும் மருத்துவக் காப்பீட்டில் கட்டாயம் சேர வேண்டும் என்று புதுச் சட்டம் வந்ததும், அது தனிமனித சுதந்திரத்தைப் பறிக்கிறது, அரசியலமைப்புக்கே விரோதம் என்று உச்ச நீதிமன்றம் வரை போனான். முதல் மனுதாரரும் அவனே, கடைசி மனுதாரரும் அவனே. வெல்டிங் பட்டறைக்காரனுக்கு ஏன் இந்த வேலை என்று கேட்டால் முறைப்பான். நானோ ஆஸ்பத்திரியில், அதே காப்பீட்டுக்கு ஆள் சேர்க்கும் கவுன்ட்டரில் உட்கார்ந்திருப்பவள். கூட வேலை செய்பவர்கள் அவனுக்கு 'சட்டப்புலி' என்று பெயர் வைத்துவிட்டார்கள். என் மானமே போயிற்று.

போன வாரம் புலி பட்டறையில் மயங்கி விழுந்தது. இதயத்தில் மூன்று அடைப்பு, இந்த வாரமே ஆபரேஷன் செய்தாக வேண்டும் என்றார் டாக்டர். காப்பீடு இல்லாமல் எங்களால் ஆகிற காரியம் இல்லை. சேர்ந்தாலோ வழக்கு செத்துவிடும்.

"சட்டத்தால பாதிக்கப்பட்டவர்னு காட்ட வேற ஆளில்ல. தீர்ப்பு வர ஒரு மாசம்தான், பொறுங்க" என்றார் அவனுடைய வக்கீல். ஒரு மாசமாம். அவர் நெஞ்சா அடைத்திருக்கிறது?

படிவத்தோடு வார்டுக்குப் போனேன்.

"டாக்டர் சொல்லியாச்சு, அண்ணி சொல்லியாச்சு. மரியாதையா கையெழுத்துப் போடு" என்று கத்தினேன்.

சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். சட்டைக்கு மேலே முதுகெலும்பு துருத்திக்கொண்டு தெரிந்தது. எப்போது இவ்வளவு இளைத்தான்? பார்க்கும்போதெல்லாம் சண்டை போட்டேனே தவிர, ஒரு நாளும் அவனைச் சரியாகப் பார்க்கவில்லை.

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அவன் தோளில் கை வைத்தேன்.

"அண்ணே, சட்டம் தப்பாவே இருக்கட்டும். யாரும் உன்னைக் கட்டாயப்படுத்தக் கூடாதுதான். நானும் கட்டாயப்படுத்தல. எனக்கு நீ வேணும், அதான் கேக்கறேன்."

மெல்ல என் பக்கம் திரும்பி, "பேனா வச்சிருக்கியா?" என்றான்.

அவன் கையெழுத்துப் போட்டதைக் கேள்விப்பட்டு, சாயங்காலம் வக்கீல் போன் செய்தார். என்னிடம் போனைக் கொடுத்து ஸ்பீக்கரில் போடச் சொன்னான்.

"யாராவது மிரட்டினாங்களா? கட்டாயப்படுத்தினாங்களா? சொல்லுங்க, அதையும் மனுவில சேத்துடலாம்."

"இல்ல சார்" என்றான் அண்ணன். "தங்கச்சி கேட்டா."