மாமன் மடி

"சாவியக் குடு சிவசங்கரி. பத்துக்குள்ள காது குத்தணும். கோயில்ல எல்லாரும் காத்துக்கினு இருப்பாங்க."

"குடுக்க மாட்டேன்."

வண்டிச் சாவி அவள் இடுப்பில் செருகியிருந்தது. வெள்ளைச் சட்டை போட்டு, தலைக்கு எண்ணெய் தடவி நின்ற நாகேந்திரன் பெண்டாட்டியின் முகத்தையே பார்த்தான். அவன் தங்கை கலைவாணியின் மகள் தரணிக்கு இன்று கெங்கம்மா கோயிலில் காதுகுத்து. பிள்ளை தாய்மாமன் மடியில் உட்கார்ந்தால்தான் ஆசாரி ஊசியைக் கையில் எடுப்பார். மடி கொடுக்க மாமன் இல்லாமல் சத்தியவேடு பக்கத்தில் யார் காதும் குத்தப்பட்டதில்லை.

"புருஷன தீத்துக்கினு வந்தவ புள்ளைய மடியில வெச்சா அந்த தோஷம் நம்ம வூட்டுக்கு ஒட்டிக்குமாம். எங்கம்மா சொல்லுச்சி. நமக்கும் ஒரு புள்ள கீது. யஸ்வந்துக்கு ஒண்ணுன்னா உன் தங்கச்சியா வந்து பாப்பா?"

அவள் அம்மா அப்படி ஒரு வார்த்தை சொல்லவில்லை. காலையில் பாத்திரம் துலக்கும்போது சிவசங்கரியே கட்டிய கதை அது. தோஷமாவது மண்ணாங்கட்டியாவது. அவளுக்கு வயிற்றெரிச்சல், அவ்வளவுதான்.

எரியாமல் என்ன செய்யும்? இன்டர் பரீட்சையில் அவள் முதல் வகுப்பு. கலைவாணி கணக்கில் தவறிப்போய் மறுபடி எழுதித் தேறியவள். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஸ்ரீ சிட்டி செல்போன் கம்பெனிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, சிவசங்கரி ஆசை ஆசையாக விண்ணப்பம் பூர்த்தி செய்து வைத்திருந்தாள். "புருஷங்காரன் குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது பொம்பளைக்கு இன்னா கம்பெனி?" என்று நாகேந்திரன் அதைக் கிழித்து அடுப்பில் போட்டான்.

அடுத்த வருஷம் கலைவாணி புத்தூரிலிருந்து கைப்பிள்ளையோடு வந்து சேர்ந்தாள். கட்டியவன் அடித்த அடியில் ஒரு காது சரியாகக் கேட்காமல் போயிருந்தது. கோர்ட்டில் விவாகரத்துத் தீர்ப்பானதும் தங்கை வேலைக்குப் போகிறேன் என்றாள். நாகேந்திரன் மறுபேச்சுப் பேசவில்லை. இதே வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் இன்டர்வியூவுக்கு விட்டு, வெளியே வேப்பமரத்தடியில் நாலு மணி நேரம் காத்துக் கிடந்தான். "பாவம், அதுக்கு யாரு கீறாங்க" என்று தெருவே சொன்னது.

இப்போது கலைவாணிக்குத் தனி வீடு. பிள்ளையைப் பார்த்துக்கொள்ள சிவசங்கரியின் மாமியார் ரத்தினம்மாவும் அங்கே போய்விட்டாள். தினம் விடிகாலையில் சிவசங்கரி வாசல் தெளிக்கிற நேரத்துக்குக் கம்பெனி பஸ் வரும். கழுத்தில் அட்டை, காலில் ஷூ. கலைவாணி ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து, "வரேன் அண்ணி" என்று கையாட்டுவாள். அந்தக் கையை முறித்துப் போடலாமா என்று இருக்கும் சிவசங்கரிக்கு. அப்புறம் நாள் முழுக்க அடுப்படியில் அந்த ஷூவைத்தான் நினைத்துக்கொண்டிருப்பாள்.

நாகேந்திரன் தங்கைக்குப் போன் போட்டான். "வண்டி பஞ்சரும்மா" என்றான். கோயில் ஒன்றும் காசியில் இல்லை. நடந்தால் அரைமணி நேரம். ஆனாலும் அந்த மகராசன் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினான். தோஷம் என்ற வார்த்தை அவனையும் பயமுறுத்தியிருந்தது.

சிவசங்கரி மட்டும் மகனை அவனிடம் விட்டுவிட்டுக் கிளம்பினாள். போகாமல் இருக்க முடியவில்லை. மடி இல்லாமல் காதுகுத்து நின்றுபோகும், அப்போது கலைவாணியின் முகம் எப்படி இருக்கும் என்று கண்ணால் பார்த்தாக வேண்டும் அவளுக்கு. வரிசை வைக்கவில்லை என்ற பேச்சு வரக்கூடாதே என்று தட்டில் நாலு வாழைப்பழமும் ஒரு சின்னப் பாவாடையும் எடுத்துக்கொண்டாள்.

கோயிலில் பூசாரி ரங்கையா அலுத்துக்கொண்டிருந்தார். "மாமன் வரலன்னா இன்னொரு நாள் பாத்துக்கலாம்மா. மாமன் மடி இல்லாம எப்பிடி?"

"எனக்கு இன்னிக்குத்தான் லீவு சாமி" என்றாள் கலைவாணி.

சொல்லிவிட்டு மணைப்பலகையில் தானே போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். தரணியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

ஆசாரி ஊசியைக் கீழே வைத்தார். "பெத்தவ மடியில வெச்சி நான் குத்துனதே இல்லியேம்மா."

"வலிச்சா அது மாமான்னா கத்தப்போவுது? அம்மான்னுதான் கத்தும். குத்துங்க."

ஆசாரி ரங்கையாவைப் பார்த்தார். ரங்கையா அம்மனைப் பார்த்தார். அம்மன் ஒன்றும் சொல்லாததால் ஆசாரி குத்தினார். தரணி "அம்மா" என்று வீறிட்டுத் தாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். முடிந்தது. வானமும் இடியவில்லை, கோயிலும் இடியவில்லை. ரத்தினம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு பொட்டுக்கடலை வெல்லம் பங்கிட்டாள்.

சிவசங்கரிக்குத் தட்டை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அழுது புலம்பப்போகிறவளைப் பார்க்க வந்தவள் அவள். இப்போது பொறாமை முன்னைவிட அதிகமாகத்தான் இருந்தது. இவளுக்கு ஒருத்தர் தயவும் வேண்டாம் போலிருக்கிறதே.

"அண்ணன் வரலன்னா இன்னா, நீ வந்தியே அண்ணி" என்று கலைவாணி கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்காரவைத்தாள். "வர்ற திங்கக்கெழம கம்பெனில டெஸ்ட் வெக்கறாங்க. நீ எழுதுனா என்னவிட நல்லா எழுதுவ. எனுக்கே அது தெரியும்."

சிவசங்கரி வெல்லத்தை வாயில் போட்டுக்கொண்டு டெஸ்ட் எத்தனை மணிக்கு என்று தலையைக் குனிந்தபடியே கேட்டாள்.

வீட்டுக்கு வந்து புருஷனுக்குச் சோறு போட்டாள். அவன் நாலு வாய் தின்கிற வரைக்கும் பொறுத்திருந்தாள்.

"திங்கக்கெழம ஸ்ரீ சிட்டில டெஸ்டாம். என்னை வண்டில இட்டுக்கினு போறியா?"

"உனுக்கு இன்னா தலையெழுத்தா? நான் ஒருத்தன் இல்ல? கலைக்குப் புருஷன் இல்ல, அது போவுது. நீயும் போனா ஊரு என்னைக் காறித் துப்பும்."

சிவசங்கரி இடுப்பிலிருந்த சாவியை எடுத்து அவன் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். குரலை உயர்த்தவில்லை.

"அப்ப எனுக்கும் தீத்து வுட்டுடு. கோர்ட்டுக்கு இந்த வண்டிலயே இட்டுக்கினு போ. வரும்போது அப்பிடியே கம்பெனி கேட்டாண்ட எறக்கி வுடு. உன் தங்கச்சிக்கு காத்துக்கினு இருந்தியே வேப்பமரம், எனுக்கும் அங்கியே இரு. அப்பத்தான் ஒருத்தனும் துப்ப மாட்டான்."