சேனைச் சீனி

அழகம்மாள் அந்தச் சீனியை மூன்று மாதமாகத் தெருவுக்கே காட்டிக்கொண்டிருந்தாள். உலகச் சண்டைக் காலம். ரேஷன் கடையில் சீனி என்றைக்கு வரும், வந்தால் யார் வீட்டுக்குப் போகும் என்பது கடைக்காரனுக்கும் கடவுளுக்கும் மட்டும் தெரிந்த ரகசியம். அப்படிப்பட்ட நாளில் ஒரு கைப்பிடி வெள்ளைச் சீனியைத் தகர டப்பாவில் போட்டு, டப்பாவைத் துணியில் முடிந்து, அடுக்குப்பானையின் மேல்பானைக்குள் வைத்திருந்தாள். நெருப்பு வாங்க வந்தவளிடமும் காட்டினாள், மோர் வாங்க வந்தவளிடமும் காட்டினாள்.

"என் பேரனுக்குச் சேனை வைக்க."

பிறந்த பிள்ளையின் நாக்கில் முதல் இனிப்பை யார் தொட்டு வைக்கிறார்களோ, அவர்கள் குணம் பிள்ளைக்கு அப்படியே வந்துவிடும். நாகமலைக்குத் தெற்கே இதில் யாருக்கும் சந்தேகம் கிடையாது. அதனால் சேனை வைக்க ஆள் தேடுவது மாப்பிள்ளை தேடுவதைவிடக் கொஞ்சம் கூடுதலான வேலை. மேலத்தெருவில் மட்டும் அந்தச் சிரமம் இல்லை. பிள்ளை அழுத சத்தம் கேட்டதும் அழகம்மாள் விரலைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றுவிடுவாள். "இந்தக் கைக்கு இருபத்தேழு பிள்ளை" என்பாள். அந்த இருபத்தேழில் ஒருத்தன் பெண்டாட்டி நகையோடு கொழும்புக்கு ஓடிப்போனவன். அவனைப் பற்றிக் கேட்டால் மட்டும், "அவனுக்கு நான் வைக்குமுன்னே ஈ உட்கார்ந்திருச்சு" என்பாள்.

இருபத்தெட்டாவது பிள்ளையைச் சுமந்துகொண்டிருந்தவள் அவள் மருமகள் ஜெயக்கொடி. கொட்டாம்பட்டிப் பெண். வாயில்லாத பிள்ளை என்று தெருவே மெச்சியது. மெச்சிய யாருக்கும் அடுப்பு ஊதும்போது அவள் என்ன நினைத்தாள் என்று தெரியாது. தெரிந்திருந்தால் அந்த அடுப்புப் பக்கம் நெருப்பு வாங்க வந்திருக்க மாட்டார்கள்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் தலைச்சன் பிள்ளை. முதல் பிரசவத்துக்குத் தாய்வீடு போகவேண்டும் என்பது ஊர் அறிந்த வழக்கம். தாய்க்காரி முருகம்மாள் ஏழுவகைச் சோறு கட்டிக்கொண்டு மாட்டுவண்டியில் வந்தாள். அழகம்மாள் சோற்றை வாங்கி வைத்துக்கொண்டு வண்டியைத் திருப்பி அனுப்பினாள். களையெடுப்பு முடியட்டுமாம். களையெடுப்பு முடியவில்லை, வலி வந்துவிட்டது.

"சூட்டு வலிடி. சீரகத் தண்ணி குடி" என்றாள் அழகம்மாள்.

ஜெயக்கொடி சீரகத் தண்ணீர் குடித்தாள். பொழுது சாய்ந்து பொழுது விடிந்தது. மறுபடியும் சீரகத் தண்ணீர். "கத்தாதடி, தெருவுக்குக் கேக்கும்" என்று சேலை முந்தியைப் பல்லுக்கு இடையில் கொடுத்தாள். புருஷன் மொக்கையன் வாசலில் நின்று, "அம்மாவுக்குத் தெரியும்" என்றான். அவனுக்குத் தெரிந்த ஒரே விஷயம் அது. மருத்துவச்சி தங்கப்பொண்ணைக் கூப்பிட்டபோது இரண்டாம் நாள் உச்சிவெயில். ஆண்பிள்ளை. நீலம் பாரித்துக் கிடந்தான். அழவில்லை.

எட்டாம் நாள் கிணற்றடியில் அழகம்மாள் நாலு பேர் கேட்கச் சொன்னாள், "என்னத்தைச் சொல்ல, வயித்துலயே தின்னுட்டா."

மார்பில் கட்டிய பாலைப் பீய்ச்சி வேப்பமரத்தடியில் ஊற்றிக்கொண்டிருந்த ஜெயக்கொடிக்கு அது கேட்டது.

அன்றிலிருந்து அவள் பழிதீர்க்க வழி தேடினாள். ரசத்தில் எதையாவது கலக்கலாம். ஆனால் அந்த ரசத்தைத் தானும்தானே குடிக்கவேண்டும். கிணற்றில் குதித்து மாமியார்மேல் பழி போடலாம். குதித்தபின் மாமியார் முகத்தைப் பார்க்க முடியாது. என்ன செய்தால் இந்தப் பொம்பளைக்கு வலிக்கும் என்று மூன்று வருஷம் பக்கத்திலிருந்தே கவனித்தாள். நகை போனால் வையும், மறந்துவிடும். மகன் வைதால் சிரிக்கும். கடைசியில்தான் கண்டுபிடித்தாள். அந்த வலது கை ஆள்காட்டி விரல். ஊரில் அவளுக்கு இருந்த மரியாதை மொத்தமும் அந்த ஒரு விரலில்தான் இருந்தது.

மிச்சத்தை யோசிக்க ரொம்ப நேரம் ஆகவில்லை. ஏனென்றால் ஒச்சாயி சுவருக்கு அந்தப் பக்கமே இருந்தாள்.

ஒச்சாயி அழகம்மாளின் ஓரகத்தி, கொழுந்தன் பெண்டாட்டி. பதினோரு வருஷத்துக்கு முன்னால் அண்ணன் தம்பிகள் பாகம் பிரித்து முற்றத்தில் சுவர் வைத்தார்கள். சுவர் வந்த இடத்தில் உரல் இருந்தது. உரல் யாருக்கு என்று இரண்டு பெண்களும் மூன்று நாள் பேசினார்கள். நாலாம் நாள் விடிந்து பார்த்தால் உரல் ஒச்சாயி பக்கம் இருந்தது. எப்படி நகர்ந்தது என்று இன்றுவரை யாரும் சொல்லவில்லை. அதோடு பேச்சு நின்றது. அழகம்மாளுக்குச் சொல்ல ஏதாவது இருந்தால் கோழியைப் பார்த்துச் சொல்லுவாள். ஒச்சாயி எருமையைப் பார்த்துப் பதில் சொல்லுவாள். மடைத் தண்ணீர் விவகாரத்தில் கிராம முன்சீப்பின் வண்டியை நடுத்தெருவில் நிறுத்திக் கேள்வி கேட்டவள் ஒச்சாயி. அவள் போட்ட சத்தத்தில் மாடு மிரண்டு, முன்சீப்பு மீதி வழியை நடந்து போனார்.

பங்குனி மாசம் கார்த்திகை நட்சத்திரத்தன்று கோழி கூப்பிடும்போது ஜெயக்கொடிக்கு வலி கண்டது. மாசக் கார்த்திகைக்குத் திருப்பரங்குன்றம் போகாமல் அழகம்மாள் இருந்ததில்லை. அன்றைக்கும் குளித்து, நெற்றி நிறையப் பூசி, பூக்கூடையோடு புறப்பட்டவள் தொழுவத்தில் மருமகளைப் பார்த்து நின்றாள்.

"என்னத்தா, மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு? வலி கிலி எதும் காங்குதா?"

"சூட்டு வலி அத்தை" என்றாள் ஜெயக்கொடி. "நேத்துத் தின்ன மொச்சை ஒத்துக்கலை."

"சீரகத் தண்ணி குடி."

"குடிச்சிட்டேன் அத்தை. நீங்க போயிட்டு வாங்க. இன்னும் பத்து நாளு கிடக்குல்ல."

அழகம்மாள் வயிற்றைத் தொட்டுப் பார்க்கக் கை நீட்டினாள். சரியாக அந்த நேரம் ஒரு வலி இடுப்பைப் பிடித்து முறுக்கியது. ஜெயக்கொடி சாணி அள்ளக் குனிந்துகொண்டாள். குனிந்தவள் முகத்தை மாடுதான் பார்த்தது.

மொக்கையன் வண்டி பூட்டி, அம்மாவை, பெட்ரோல் இல்லாமல் கரிப்புகையில் ஓடும் கரிபஸ் வரும் ரோட்டில் இறக்கிவிட்டு, அப்படியே கண்மாயில் வண்டல் அள்ளப் போய்விட்டான். வண்டிச் சத்தம் தேய்கிறவரைக்கும் ஜெயக்கொடி தொழுவத்துத் தூணைக் கட்டிக்கொண்டு நின்றாள். பிறகு நடந்தாள். இந்த வாசலுக்கும் அந்த வாசலுக்கும் பன்னிரண்டு எட்டு. நடுவில் இரண்டு தடவை உட்கார்ந்துவிட்டாள்.

ஒச்சாயி புளி உடைத்துக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தினாள்.

"என்ன, உங்க வீட்டுக் கோழி இன்னைக்கி ஆள் விட்டிருக்கா?"

"வலி, சின்னத்தை."

"எப்பருந்து?"

"கோழி கூப்பிட்டதுலருந்து."

"உன் மாமியா எங்கடி?"

"குன்றத்துக்கு அனுப்பிட்டேன்."

ஒச்சாயி புளியைத் தட்டில் போட்டாள். போயிருக்கிறாள் என்று சொல்லவில்லை, அனுப்பிவிட்டேன் என்கிறாள். அந்த வாயில்லாத பிள்ளையை முதல் தடவையாகப் பார்ப்பதுபோல மேலும் கீழும் பார்த்தாள். அப்புறம் எழுந்து வாசலுக்கு வந்து, "ஏ தங்கப்பொண்ணூ!" என்று ஒரு குரல் கொடுத்தாள். மூன்றாவது தெருவில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த மருத்துவச்சி முறத்தைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள்.

ஜெயக்கொடியைத் தாங்கிக்கொண்டு வந்த ஒச்சாயி அழகம்மாள் வீட்டு வாசலில் நின்றுவிட்டாள். "இந்தப் படியை மிதிக்க மாட்டேன்னு கருப்பசாமி மேல சத்தியம் பண்ணியிருக்கேன்டி."

"மிதிக்காம தாண்டுங்க சின்னத்தை" என்று பல்லைக் கடித்தாள் ஜெயக்கொடி.

ஒச்சாயி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு படியைத் தாண்டிக் குதித்தாள். சாமியும் ஒன்றும் சொல்லவில்லை.

உத்திரத்தில் கயிறு கட்டி ஜெயக்கொடி கையில் கொடுத்தார்கள். உச்சிப்பொழுது வரை எல்லாம் சரியாகப் போனது. பிறகு வலி தளர்ந்தது. தங்கப்பொண்ணு வயிற்றில் கை வைத்தாள், எடுத்தாள், மறுபடி வைத்தாள். பேசவில்லை. போன தடவையும் அவள் இப்படித்தான் பேசாமல் இருந்தாள். ஜெயக்கொடிக்கு அது ஞாபகம் வந்தது. வீம்புக்கு வலியை மறைத்து, வீம்புக்கு ஆளை அனுப்பி, இதையும் நானே கொன்றுவிட்டேனா? கிணற்றடியில் சொன்ன சொல்லை நானே நிஜமாக்கிவிட்டேனா? முந்தியை எடுத்துப் பல்லில் கடித்தாள்.

ஒச்சாயி அதைப் பிடுங்கி எறிந்தாள். "கத்துடி! போன தடவை வாயைப் பொத்தி என்னத்தைக் கண்ட? கண்மாய்ல வண்டல் அள்ளுறானே, அவனுக்குக் கேக்கணும். கத்து!"

ஜெயக்கொடி கத்தினாள். மூன்று வருஷத்தையும் சேர்த்துக் கத்தினாள். நாலு வசவும் அதில் கலந்து வந்தது. யாரை வைதாள் என்பதில் தெருவுக்குச் சந்தேகமில்லை. மூன்றாவது கத்தலில் பிள்ளையின் தலை திரும்பியது. அஞ்சாவது கத்தலில் பிள்ளை வந்து விழுந்தது.

விழுந்ததும் அழுதது. தங்கப்பொண்ணு அதன்பிறகுதான் மூச்சு விட்டாள். "பொட்டப்பிள்ளை ஆத்தா."

பிள்ளையைத் துடைத்துப் பக்கத்தில் கிடத்தினார்கள். ஜெயக்கொடி அதன் கால்விரலைத் தொட்டுப் பார்த்தாள். சூடாக இருந்தது. கொஞ்ச நேரம் அதையே பிடித்துக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள், "சின்னத்தை, அடுக்குப்பானையில ஒரு டப்பா இருக்கும். எடுங்க. நீங்கதான் சேனை வைக்கணும்."

எதற்கும் அசையாத ஒச்சாயி பின்னால் நகர்ந்தாள். "ஏண்டி, என் குணமா உன் பிள்ளைக்கு? எனக்கே என் குணம் பிடிக்காதுடி. அடங்காப்பிடாரின்னு என் ஆத்தாவே சொல்லுவா."

"ஆத்தா, அழகம்மா ஆத்தா என்னைக் கொன்னுபோடும்" என்றாள் தங்கப்பொண்ணு.

"நீ கண்ணை மூடிக்க" என்றாள் ஜெயக்கொடி. தங்கப்பொண்ணு ஒரு கண்ணை மூடிக்கொண்டாள். மற்றது திறந்திருந்ததால்தான் நமக்கு இம்புட்டும் தெரியவந்தது.

"சின்னத்தை, அந்தப் பொம்பளையை நேருக்கு நேரா நின்னு கேட்டது இந்த ஊர்ல நீங்க ஒருத்திதான். அன்னைக்கி எனக்கு அந்த வாய் இருந்திருந்தா என் பையனுக்கு இப்ப மூணு வயசு. என் மகளுக்கு உங்க குணம் வரட்டும். முழுசா வரட்டும்."

ஒச்சாயி எழுந்து டப்பாவை எடுத்தாள். அழகம்மாளின் சீனியை டப்பாவிலேயே தண்ணீர் விட்டுக் கரைத்து, புளிக்கறை படிந்த விரலைச் சேலையில் நாலு தரம் துடைத்து, பிள்ளையின் நாக்கில் தொட்டாள். பிள்ளை சப்புக்கொட்டி இன்னொரு தரம் கேட்டது.

பொழுது சாய அழகம்மாள் வந்தாள். பஸ் நிறுத்தத்திலேயே யாரோ சொல்லிவிட்டார்கள், பிள்ளை பிறந்ததை மட்டும். மிச்சத்தை நேரில் பார்க்கட்டும் என்று விட்டுவைத்த புண்ணியவதி யார் என்று தெரியவில்லை. பூக்கூடையோடு ஓடிவந்து அடுக்குப்பானையில் கை விட்டாள். டப்பா இல்லை. உள்ளே வந்தாள். ஒச்சாயி பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு, டப்பாவைப் பக்கத்தில் வைத்து, சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள்.

"யாரு சேனை வச்சது?"

தங்கப்பொண்ணு கூரையைப் பார்த்தாள்.

"சின்னத்தைதான் அத்தை" என்றாள் ஜெயக்கொடி.

அழகம்மாள் டப்பாவில் மிச்சமிருந்ததை வழித்து விரலில் எடுத்துக்கொண்டு குனிந்தாள். "நானும் வச்சிர்றேன். மேல வச்சா அது மறைஞ்சிரும்."

"முதல்ல வச்சதுதான் ஆத்தா நிக்கும்" என்றாள் தங்கப்பொண்ணு மெதுவாக. "நீங்கதான எல்லாருக்கும் சொல்லுவீக."

விரல் நடுவில் நின்றது. சீனி வழிந்தது.

"ஏண்டி இப்படிப் பண்ணின? இருபத்தேழு பிள்ளைக்கு வச்ச கைடி இது. என் மகன் பிள்ளைக்கு வைக்க விடாமப் பண்ணிட்டியே?"

"ஏன், வச்சிருக்கலாமே அத்தை" என்றாள் ஜெயக்கொடி. குரல் உயரவில்லை. "உங்க மகன் பிள்ளை ஒருத்தன் இதே இடத்துல கிடந்தான். நாக்கு இருந்துச்சு. சீனியும் தட்டுப்பாடில்லாமக் கிடைச்ச காலம். வச்சிருக்கலாம்."

குனிந்திருந்த அழகம்மாள் நிமிர்ந்தாள். விரலை முந்தியில் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள். எதிரில் ஒச்சாயி, "பொட்டப்பிள்ளைக்கு வாய்தான் சொத்து" என்று பிள்ளையிடம் சொன்னாள். அதைக் கேட்டதும் பதினோரு வருஷத்துக்குப் பிறகு அழகம்மாள் கோழியை விட்டுவிட்டு நேராக ஓரகத்தியிடம் பேசினாள். என்ன பேசினாள் என்று எழுத முடியாது. தெரு முழுக்கக் கூடிவிட்டது.

அடுத்த முப்பது நாளில் ஜெயக்கொடிக்கு ஒரு விஷயம் புரிந்தது. ஒரு மாமியார் இருந்த இடத்தில் இப்போது இரண்டு. சேனை வைத்த உரிமையில் ஒச்சாயி தினமும் படி தாண்டிக் குதித்து வந்தாள். பிரசவக் காயமருந்து அரைத்தது நைசாக இல்லை, பிள்ளைக்குத் தலை துவட்டியது சரியில்லை, கருவாட்டுக் குழம்பில் பூண்டு போதாது என்று அந்த வாயாலேயே ஜெயக்கொடியை வைதாள். அழகம்மாள் தெருவில் எந்தப் பிள்ளைக்கும் சேனை வைக்கப் போகவில்லை. இரண்டு வீட்டில் பிள்ளை பிறந்தது, சொந்தப் பேத்திக்கே வைக்க வாய்க்காத கை என்று இரண்டு வீட்டிலும் கூப்பிடவில்லை. அவள் முற்றத்தில் உட்கார்ந்து பேத்தியைக் கவனித்தபடி இருந்தாள். பிள்ளை சிரித்தால், "எங்க வீட்டுச் சாயல்." அழுதால், "அவ குரல். அப்படியே அவ குரல்" என்று காதைப் பொத்திக்கொள்வாள்.

பிள்ளைக்கு நல்ல குரல்தான். பசி வந்தால் கண்மாய்க்கரைக்குக் கேட்கும்.

ஒரு நாள் மத்தியானம் பிள்ளை பாலுக்கு அழுதது. ஜெயக்கொடி கதவோரம் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, பால் கொடுக்காமல் மாமியாரையே பார்த்திருந்தாள். வெளியே அழகம்மாள் வெற்றிலையை மடித்தவள் அப்படியே நிறுத்தினாள். பிள்ளை இன்னொரு கட்டை ஏறி அழுதது. அழகம்மாள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"இன்னும் கொஞ்சம், தாயீ" என்று ஜெயக்கொடி பிள்ளையின் காதில் சொன்னாள்.

அதற்குள் பால் தானாகச் சுரந்து சேலையை நனைத்து, பிள்ளையின் கன்னத்தில் சொட்டியது. பிள்ளை முகத்தைத் திருப்பித் தேடியது. ஜெயக்கொடி ஒரு வசவை முணுமுணுத்துக்கொண்டு, மாராப்பை விலக்கி, பிள்ளையை மார்போடு சேர்த்தாள்.